ராணியைக் கொடுக்காத மெஷின்

செஸ் ஆடும் மெஷினைச் சோதித்துப் பார்க்கும் தொழிலில் முதல் தொல்லை, மெஷின் என்று ஒன்று கையில் இல்லை என்பதுதான்.

சிரிக்காதீர்கள். பிறத்தியார் மூளைக்குக் கையாக இருந்து மாடாய் உழைத்தவர்கள் இதைப் படிப்பவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். மேலதிகாரியின் பிழையையும் விடாமல் டைப் அடித்து, பிறகு அந்தப் பிழைக்காகத் திட்டு வாங்கியவர்கள். யாருடைய கட்டுரைக்கோ கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு, அச்சானதும் தங்கள் பெயரைத் தேடித் தேடிப் பார்த்தவர்கள். உங்களிடம்தான் இதைச் சொல்ல முடியும். மற்றவர்களிடம் சொன்னால், "உட்கார்ந்த இடத்துல செஸ் ஆடுறது ஒரு வேலையா?" என்பார்கள்.

நான் திருச்சியில் எம்.எஸ்ஸி. கணிதம் முடித்த கோடை அது. கீரனூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்து படித்தவள். எங்கள் புரொபசர் சீமைக்குப் போய்வந்தவர். அங்கே கம்ப்யூட்டர் என்னும் எலக்ட்ரானிக் மூளையைப் பார்த்துவிட்டு வந்து, அது செஸ் ஆடுவதற்கான விதிகளை வரிசையாக எழுதி வைத்திருந்தார். விதிகள் இருந்தன. அவற்றை ஓட்டிப் பார்க்கத்தான் கம்ப்யூட்டர் இல்லை. வடக்கே ஒரு நிலையத்தில் ஒன்று இருந்தது. அதில் இவருடைய முறை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதுவரை விதிகள் தேறுமா தேறாதா என்று பார்க்க, மெஷினுக்குப் பதிலாக ஓர் ஆள் உட்கார வேண்டும். நன்றாக ஆடுகிறவர்களைத் தேடிப் போய், அவர்களிடம் சிக்கலான நிலைகளை வாங்கி, மெஷினாக இருந்தால் என்ன நகர்வு வைக்கும் என்று விதிப்படி கணக்குப் போட்டுக் கொண்டுவர வேண்டும். ஒழுங்காகச் செய்தால் அந்த வடக்கத்தி நிலையத்துக்கே ஆராய்ச்சிக்குச் சிபாரிசு செய்வதாகச் சொன்னார். இல்லையென்றால் டீச்சர் டிரெயினிங் என்று வீட்டில் பேசி முடிந்திருந்தது. டீச்சர் வேலை மட்டம் என்று நான் சொல்லவில்லை. வகுப்பில் ஒரு பிள்ளை எதிர்த்துப் பேசினால் நானும் அதன் பக்கம் சேர்ந்துகொள்வேனே, அதுதான் பயம்.

மூளைக்கு லீவு

விதி எளிதுதான். நாம் வைக்கக்கூடிய நகர்வுகள் அத்தனையையும் எழுது. ஒவ்வொன்றுக்கும் எதிராளி வைக்கக்கூடிய பதில்கள் அத்தனையையும் எழுது. வெட்டுப்படும் காய்க்கு மதிப்பெண் உண்டு; ராணிக்கு அதிகம், யானைக்கு அதைவிடக் குறைவு, சிப்பாய்க்கு ஒன்று. எதிராளி எப்படிப் பதில் சொன்னாலும் நமக்கு நஷ்டம் மிகக் குறைவாக வரும் நகர்வு எதுவோ, அதை வை. எதிராளியின் ராஜா நகர வழியில்லாமல் செக்கில் மாட்டிக்கொண்டால் மேட், வெற்றி. அவ்வளவுதான். நம் நகர்வு ஒன்று, அவர் பதில் ஒன்று. அதற்கு அப்பால் எட்டிப் பார்க்கக் கூடாது.

"சார், அதுக்கு அடுத்த நகர்வுல மேட் இருக்கிறது எனக்குக் கண்ணுக்குத் தெரிஞ்சா?" என்று கேட்டேன். "தெரியக் கூடாது" என்றார். "அப்ப செஸ் தெரியாத ஆளாப் பார்த்துக் கொடுத்திருக்கலாமே சார்." "விதி புரியணுமே." "விதி புரியணும், ஆனா ஆட்டம் புரியக் கூடாது?" "அதேதான்."

வகுப்பில் பையன்கள் இருந்தார்கள். கல்லூரிக்காகச் செஸ் ஆடிக் கோப்பை வாங்கியவன்கூட இருந்தான். இத்தனை பேரை விட்டுவிட்டு என்னை எதற்குத் தேர்ந்தெடுத்தார் என்று எனக்குள் கொஞ்சம் பெருமை. அதைக் காட்டிக்கொள்ளாமல், ஏன் சார் நான் என்று கேட்டேன். மனப்பூர்வமான பாராட்டைச் சொல்லும் முகத்தோடு புரொபசர் சொன்னார்: "பையன்களை நம்ப முடியாதும்மா, நடுவுல மூளையைப் போட்டுருவானுங்க."

அப்பாவின் பெருமை

கீரனூரில் அப்பாவுக்கு அரிசி ஆலை. நான் வேலை பார்த்தது அந்த ஆலையின் ஆபீஸ் அறையில். அங்கேதான் பெரிய மேஜை இருந்தது. நெல் கொண்டுவருகிறவர்கள் எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள். ஒரு பக்கம் செஸ் பலகை, இன்னொரு பக்கம் காகிதக் கட்டு, நடுவில் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு நான். அப்பா பெருமையாக, "மக புது மெஷினுக்கு டெஸ்ட் பண்ணுது" என்பார். எந்த மெஷின் என்று கேட்டால் கையை அகல விரித்துக் காட்டுவார். அவருக்கும் தெரியாது.

குளத்தூர்ப் பக்கத்து மிராசுதார் ஒருவர் அறைக்குள்ளேயே வந்து மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார். மெஷின் வடக்கே இருக்கிறது, அது எப்படி யோசிக்குமோ அப்படி நான் இங்கே யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்று பொறுமையாக விளக்கினேன். பொறுமை எனக்குக் கூடப்பிறந்ததல்ல, வரவழைத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு அவர் அப்பாவிடம் திரும்பினார்: "எல்லாம் சரிங்க, மணிக்கு எத்தனை மூட்டை அரைக்கும்?"

கண்டக்டர் அண்ணனின் ஆட்டம்

முதல் சிக்கலான நிலை கொடுத்தவர் ஏகாம்பரம் அண்ணன். புதுக்கோட்டை – திருச்சி பஸ்ஸில் கண்டக்டர். நான் படித்த காலம் முழுக்க அவர் பஸ்ஸில்தான் போனேன். டிப்போவில் அவரைச் செஸ்ஸில் ஜெயிக்க ஆளில்லை என்பார்கள். ஆலைக்கு எதிரேதான் பஸ் நிற்கும். ஒரு நாள் காலையில் இறங்கி வந்து, மளமளவென்று காய்களை அடுக்கி, "இதுல வெள்ளையை ஒங்க மெஷின் ஆடட்டும் தங்கச்சி, திரும்பி வாரப்ப பதில் சொல்றேன்" என்று ரைட் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

ஒரு நகர்வுக்குக் கணக்கு என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது. நமக்கு முப்பது நகர்வு இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிராளிக்கு முப்பது பதில் இருக்கும். அத்தனையையும் எழுதிக் கூட்டிக் கழிக்க வேண்டும். பஸ் திருச்சி போய்த் திரும்பி வந்தபோது நான் பாதிகூடத் தாண்டவில்லை. ஜன்னலோரம் இருந்தவர்கள் பலகையைப் பார்த்துவிட்டார்கள். "யானையைத் தூக்கும்மா!" என்றார் ஒருவர். "யானையைத் தூக்கினா குதிரை போயிரும்யா" என்றார் பின்சீட்டு. "நான் தூக்க முடியாதுங்க, விதி தூக்கச் சொல்லணும்" என்று இங்கிருந்து கத்தினேன். "விதி விதின்னு ஒக்காந்திருந்தா எப்படிம்மா, நம்ம முயற்சியும் வேணும்ல" என்று ஒரு பெரியவர் எனக்குத் தத்துவம் சொல்ல ஆரம்பித்தார். டிரைவர் ஹாரன் அடித்தார்.

சாயங்காலம் விடை வந்தது. விதிப்படி மெஷின் ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளியது. அதைவிட மட்டமான நகர்வு அந்தப் பலகையில் கிடையாது. எனக்கே தெரிந்தது, தெரியக் கூடாது என்பதால் தெரியாதவள்போல் இருந்தேன். ஏகாம்பரம் அண்ணன் டிக்கெட் பையோடு வந்து நின்று பார்த்தார்: "நான் ரெண்டு டிரிப்பு திருச்சிக்கு அடிச்சுட்டு வந்துட்டேன், ஒங்க சிப்பாய் இந்த ஒரு கட்டம் போறதுக்கா தங்கச்சி இம்புட்டு நேரம்?"

ராஜாவின் பாய்ச்சல்

அடுத்து கீரமங்கலம். அங்கே என் அத்தை வீடு. கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த ராவுத்தர், அத்தை வீட்டில் எல்லோருக்கும் வேண்டியவர்; நாங்கள் மாமா என்றுதான் கூப்பிடுவோம். சந்தை இல்லாத நாளில் கடையில் ஆட்டம் நடக்கும். துணி அளக்கும் பலகையிலேயே கட்டம் வரைந்திருப்பார்கள். "வாம்மா மகளே, ஒக்காரு. ஒன் மெஷினுக்கு நான் ஒண்ணு வைக்கிறேன், முழிபிதுங்கிரும் பாரு" என்று காய்களை வைத்தார். நான் ஒரு மூலையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அவர் தொழுகைக்குப் போய் வந்தார், சாப்பிட்டு வந்தார், ஒரு கல்யாண ஜவுளியே எடுத்துக் கொடுத்து முடித்தார். அதன் பிறகு எனக்கு விடை கிடைத்தது. யானையைக் கடைசி வரிசைக்கு இறக்கினால் செக். ராஜாவுக்குப் போக இடமில்லை. மேட்! மெஷினுக்கு முதல் வெற்றி. எழுந்து நின்றே யானையை வைத்தேன்.

ராவுத்தர் மாமா அலட்டிக்கொள்ளவில்லை. ராஜாவைத் தூக்கிக் குதிரை மாதிரி ஒரு பாய்ச்சல் பாய்ந்து, சிப்பாயைத் தாண்டி வெளியே வைத்தார். "மாமா, ராஜா எப்படிக் குதிரை மாதிரி போகும்?" "ஆட்டத்துல ஒரே ஒரு தடவை பாயலாம்மா. தெரியாதா ஒனக்கு?" எனக்கும் தெரியும், அது நம் நாட்டு ஆட்டம். "அப்படியே இருந்தாலும் செக் வச்சதுக்கப்புறம் பாயக் கூடாதுன்னு அறந்தாங்கியில சொல்லுவாங்களே" என்றேன். "அது அறந்தாங்கிக்காரன் ஆட்டம். இங்கிட்டு முதல் செக்குக்குப் பாயலாம்." சேலை எடுக்க வந்த ஒருவர், செக்குக்குப் பாயலாம், ஆனால் பாய்ந்து எதையும் வெட்டக் கூடாது என்று மூன்றாவதாக ஒரு சட்டம் போட்டார். கடையே இரண்டு கட்சியானது.

நான் விடுவேனா? புரொபசரின் தாளை விரித்து, ராஜா ஒரு கட்டம்தான் போகலாம் என்ற விதியைப் படித்துக் காட்டினேன். உலகம் முழுக்க இப்படித்தான் ஆடுகிறார்கள், சீமையில் இப்படித்தான், ருஷ்யாவில் இப்படித்தான் என்று குரலை உயர்த்தினேன். ராவுத்தர் மாமா கண்ணாடியைக் கழற்றி என்னையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார்: "ராஜா வச்சு ஆண்ட புதுக்கோட்டைக்காரன்கிட்ட வந்து, ராஜா எப்படிப் போகணும்னு வெள்ளைக்காரன் தாளைக் காட்டுறியேம்மா!"

ராணிக்கு வந்த ஆபத்து

திருவரங்குளம் யூனியன் ஆபீஸில் ஓர் ஆபீசர் இருந்தார். விவசாயிகளுக்கு உர விளக்கம் சொல்லும் உத்தியோகம். ஆனால் செஸ் விளக்கம்தான் அதிகம் சொல்வார் என்று கேள்வி. அப்பாவோடு ஆலை வேனில் போனேன். அவர் வைத்த நிலையைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. கறுப்பு ராஜா மூலையில். முன்னால் அவருடைய சிப்பாய்களே சுவர். வெள்ளை ராணியைக் கொண்டுபோய் அந்த ராஜாவை ஒட்டி நிறுத்த வேண்டும். அந்தக் கட்டத்துக்கு நம் குதிரை காவல் இருப்பதால் ராஜா வெட்ட முடியாது. அவருடைய யானைதான் வெட்டியாக வேண்டும். வெட்டிய யானை ராஜாவின் கடைசி வழியையும் அடைத்துக்கொண்டு நிற்கும். அப்போது நம் குதிரை ஒரு பாய்ச்சல். மேட். ராணியைக் கொடுத்து ராஜாவைப் பிடிக்கும் ஆட்டம். உட்கார்ந்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆனால் நான் மெஷின். ஒரு நகர்வு, ஒரு பதில். ராணியை வைத்தால் யானை வெட்டும், அத்தோடு கணக்கு நின்றுவிடும், பெரிய நஷ்டம். விதிப்படி பார்த்தால், நம் குதிரையை எதிராளியின் சிப்பாய் வெட்டக் காத்திருக்கிறது, ஆகவே குதிரையைப் பத்திரமாகப் பின்னால் இழுத்துக்கொள்வதுதான் உத்தமம். பல்லைக் கடித்துக்கொண்டு மத்தியானம் முழுக்க எழுதினேன். எந்தப் பக்கம் கூட்டினாலும் அதே விடை. ஆபீஸே வேலையை விட்டுவிட்டு மேஜையைச் சுற்றி நின்றது. ஜெயிக்கிற குதிரையைக் கையில் எடுத்து, பயந்துபோய் ஓடுகிற இடத்தில் கொண்டுபோய் வைத்தேன். ஐயோ என்று ஒரு குரல் வந்தது. "எனக்கு விடை தெரியும்ங்க, ராணியைத்தான் கொடுக்கணும். ஆனா விதி விடல. விதியை எழுதினது நான் இல்ல, எங்க புரொபசர்" என்றேன். ஆபீசர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அப்பாவின் தோளைத் தட்டி, ஊருக்கே கேட்கிற மாதிரி ஆறுதல் சொன்னார்: "விடுங்க சார், பொம்பளைப் பிள்ளைல்ல, ராணியை விட மனசு வருமா?"

ஆத்தா சொன்ன வழி

 வீட்டுக்கு வந்ததும் அப்பா ஆத்தாவிடம், என் அம்மாவிடம்தான், "இதுக்கா எம்.எஸ்ஸி. படிக்க வச்சோம்?" என்று மட்டும் சொன்னார். ஆத்தா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "சரியான விடை ஒனக்குத் தெரியும்ல?" "தெரியும்." "அப்ப அதை எழுதிக் கொடேன்டி. மெஷின் ஜெயிச்சா வாத்தியாருக்குச் சந்தோஷம். ஒன்னை அங்கிட்டு அனுப்புவாரு. யாரு வந்து கண்டா?"

வேறு ஊர்களிலும் சேர்த்து இதுவரை வாங்கிய நிலைகளில் கீரமங்கலத்து மேட் ஒன்றைத் தவிர எல்லாம் தோல்வி. அந்த ஒன்றும் ராவுத்தர் மாமா ஒத்துக்கொள்ளாத வெற்றி. ஆத்தா சொன்னது கேட்டு மனசு ஒரு நிமிஷம் ஆடியது என்று சொன்னால் நன்றாக இருக்கும். ஆடவில்லை, கோபம்தான் வந்தது. நடுவில் மூளையைப் போடாதவள் என்றுதானே தேர்ந்தெடுத்தார்? அப்படியே கொடுக்கிறேன், அவருடைய விதிக்கு எவ்வளவு மூளை என்று அவரே பார்க்கட்டும் என்று கத்தினேன். ஆத்தா அரிசியைப் புடைத்துக்கொண்டே கேட்டாள், முறத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை: "அடுத்தவுக சொன்னதைச் சொன்னபடி செஞ்சு பேரைக் கெடுத்துக்கிறதுக்கு வடக்கே எதுக்குடி போகணும், அதுக்குத்தான் கல்யாணம் இருக்கே?"

தீர்ப்பு

விடுமுறை முடிந்து புரொபசரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் திருவரங்குளத்து நிலையை மட்டும் நீண்ட நேரம் பார்த்தார். பார்க்கப் பார்க்க முகம் மாறியது. "ராணியைக் கொடுத்தா மேட்டாச்சே!" என்றார். "ஆமா சார்." "மெஷின் அதைப் பார்க்காதா?" "ஒரு பதிலோட நிறுத்தச் சொல்லி நீங்கதானே சார் எழுதியிருக்கீங்க? அதுக்கு அடுத்ததுலதான் மேட் இருக்கு." என்னுடைய கூட்டலை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொள்ளச் சொன்னேன். அவர் சரிபார்க்கவில்லை. இரண்டு பதில் பார்க்கும்படி விதியை மாற்றலாமே என்றேன்; ஆலோசனை கேட்டபோது சொன்னால் போதும் என்றார். சிபாரிசு பற்றி நானே வாய்திறந்து கேட்டேன். காகிதக் கட்டை என் பக்கம் தள்ளிவிட்டார்: "மெஷின் இவ்வளவு மட்டமா ஆடாதும்மா, நடுவுல நீ எங்கேயோ யோசிச்சிருக்கே."

மெஷின் வந்து சொன்ன சாட்சி

நான் புதுக்கோட்டையில் டீச்சர் டிரெயினிங்கில் சேர்ந்துவிட்டேன். பாடம் நடத்தும் முறை பற்றி ஆசிரியரோடு வாதாடி, சேர்ந்த புதிதிலேயே இரண்டு தடவை வெளியே நின்றாயிற்று. அப்போதுதான் புரொபசருக்கு வடக்கே முறை வந்தது. விதிகளைக் கம்ப்யூட்டர் படிப்பதற்காகத் துளை போட்ட அட்டைகளாக்கிக் கொண்டுபோனார். சோதித்துப் பார்க்க வேறு நிலைகள் தயாராக இல்லாததால் நான் சேகரித்தவற்றையே கொண்டுபோனாராம், என் காகிதக் கட்டோடு. திரும்பி வந்ததும் என்னை வரச் சொல்லி ஆள் அனுப்பினார். போனேன். உட்காரச் சொன்னார், அதற்கு முன்னால் சொன்னதில்லை.

ஏகாம்பரம் அண்ணனின் ஆட்டத்தில் மெஷின் அதே ஓரத்துச் சிப்பாயை அதே ஒரு கட்டம் தள்ளியதாம். கீரமங்கலத்தில் அதே மேட். ஒரே ஓர் இடத்தில் மட்டும் மெஷினின் விடையும் என் விடையும் வேறு வேறாக இருந்திருக்கின்றன. தேடிப் பார்த்ததில் அங்கே ஓர் அட்டையில் துளை தப்பாக விழுந்திருந்ததாம். "திருவரங்குளம் சார்?" என்றேன். பேனாவின் மூடியைக் கழற்றினார், மாட்டினார். "குதிரை பின்வாங்கிடுச்சு." "எந்தக் கட்டத்துக்கு சார்?" "நீ எழுதின கட்டத்துக்குத்தான்." அந்த நிலையத்தின் தலைவர் என் காகிதங்களைப் பார்த்துவிட்டு, மெஷின் செய்வது சரியா என்று பார்க்க இந்த மாதிரி ஓர் ஆள்தான் வேண்டும், உடனே அனுப்புங்கள் என்று சொல்லியிருக்கிறார். சிபாரிசு எழுதித் தயாராக மேஜைமேல் இருந்தது. வாங்கிக்கொண்டு பேசாமல் வந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? "அப்ப நான் நடுவுல யோசிக்கலைன்னு இப்பவாவது ஒத்துக்கிறீங்களா சார்?" என்று கேட்டேன். அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்துவிட்டுத்தான் சொன்னார்: "அப்படி எப்படிம்மா சொல்ல முடியும்? மெஷினும் ஒன்னை மாதிரியே தப்புப் பண்ணியிருக்கு, அவ்வளவுதான்."

ஆக, என்னைப் போல் பிறர் மூளைக்குக் கையாக இருப்பவர்களே, இத்தனை மாதம் எழுதிக் கூட்டி நான் கண்டுபிடித்தது இதுதான்: அதே குதிரையை அதே கட்டத்துக்கு நான் பின்வாங்கினால் அது பொம்பளைப் பிள்ளையின் பயம், மெஷின் பின்வாங்கினால் அது ஆராய்ச்சி முடிவு.